விடுபட்ட எட்டு ஆண்டுகள்

2006ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பணிக்கான நேர்முகத்துக்குப் போயிருந்தேன். எனக்கு அப்போது 42 வயது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். நடுவில் இருந்தவர் என் தற்குறிப்பில் ஓரிடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்:

"1995லேருந்து 2003 வரைக்கும் ஒண்ணுமே இல்லையேம்மா. என்ன செஞ்சீங்க?"

"வீட்டில் இருந்தேன் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். அதன் பிறகு பாறைகளைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் கிடைத்தது. அங்கேயே 17 ஆண்டுகள் புவியியல் கற்பித்து, 2024இல் ஓய்வு பெற்றேன். அந்தப் பேனாக் கோட்டை மட்டும் மறக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதில். கூடவே, பிறகு நானே ஒரு மாணவியின் தாளில் போட்ட ஒரு கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

*

நான் பிறந்து வளர்ந்தது சேலம். ஊருக்கு மேற்கே கஞ்சமலை. அதில் இரும்புத்தாது இருக்கிறது என்று சின்ன வயதிலேயே தெரியும். பள்ளிச் சுற்றுலாவில் பொறுக்கிய கருங்கல் துண்டில் காந்தம் ஒட்டியதைப் பார்த்த நாளிலிருந்து கல் மேல் ஒரு கிறுக்கு. பி.எஸ்சி.யில் புவியியல் எடுத்தபோது அப்பா, "படிச்சிட்டு எங்க போவ? சுரங்கத்துக்கா?" என்று கேட்டார். அவர் கேலிக்குச் சொன்னது சட்டத்திலேயே இருந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், 46ஆம் பிரிவு: நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது. மேற்பரப்பிலும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான். எங்கள் வகுப்புப் பையன்கள் சுரங்க நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுதும்போது நானும் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டிருந்தோம். 2019இல்தான் நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வை வேலைகளைப் பெண்கள் செய்யலாம் என்று விலக்கு வந்தது. அதற்குள் என் தோழி பாட்டியாகிவிட்டாள்.

எம்.எஸ்சி.யில் முதல் களப்பயணம். பையன்கள் சுத்தியலோடு குன்று ஏறினார்கள். எங்கள் இருவரிடமும் ஒரு சாக்கும் மையும் கொடுத்து, "நீங்க மரத்தடியில உக்காந்து சாம்பிளுக்கு நம்பர் போடுங்கம்மா" என்றார் பேராசிரியர். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. வெயிலில் நாங்கள் கறுத்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. அன்று 40 கற்களுக்கு எண் எழுதினேன். ஒரு கல்லைக்கூட அது இருந்த இடத்தில் பார்க்கவில்லை. பாறையிலிருந்து பிரித்து எடுத்த துண்டு பாதி செய்திதான் சொல்லும். அது எந்தத் திசையில் சாய்ந்திருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, எது எதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது என்பதெல்லாம் மலையிலேயே தங்கிவிடும். மரத்தடியில் உட்கார வைப்பது என்றால் என்ன என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துபோனது.

அடுத்த பயணத்தில் யாரையும் கேட்காமல் ஏறினேன். திட்டு விழுந்தது. அதற்கடுத்த பயணத்தில் திட்டும் விழவில்லை.

*

1987இல் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். நான் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளியது. தென்னிந்தியா ஒரே துண்டா, இரண்டு துண்டுகளை ஒட்டியதா?

பூமியின் மேலோடு பல தட்டுகளாக உடைந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போகிறது. நம் விரல் நகம் வளர்வதைவிடக் கொஞ்சம் வேகம். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதியதால் எழுந்தது இமயமலை. அதற்கும் முன்பு, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, மடகாஸ்கர் நமது மேற்குக் கரையோடு ஒட்டியிருந்தது. இன்னும் பின்னால் போனால் ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்ந்த கோண்ட்வானா பெருங்கண்டம். மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலத்திலிருந்து வந்த பெயர் அது.

அந்தப் பெருங்கண்டம் பிரிந்த கதை ஓரளவு தெளிவு. ஒட்டிய கதைதான் சிக்கல். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே நாமக்கல், கரூர் பக்கமாக ஒரு பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டையில் பாறைகள், பிசைந்த மாவை இரு கையாலும் இழுத்ததுபோல நீண்டு நசுங்கிக் கிடக்கும். அதற்கு வடக்கே சேலம் பக்கத்துப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை. தெற்கே மதுரைப் பக்கத்துப் பாறைகள் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கடும் வெப்பத்தில் வெந்தவை. திண்டுக்கல்லுக்கு மேற்கே கெங்குவார்பட்டிப் பாறைகளில் 900 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்துக்கான தடயம் இருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பட்டை ஒரு தையலா? நடுவில் இருந்த கடல் மூடி, இரண்டு நிலங்கள் சேர்ந்த இடமா? இல்லை, பழைய நிலத்துக்குள்ளேயே பிறகு ஏற்பட்ட முறுக்கலா? இந்த வாதம் இன்னும் முடியவில்லை. என் முப்பது சொச்ச ஆண்டு வேலை அந்த வாதத்தில் சில பக்கங்கள்.

சர்வே ஆஃப் இந்தியாவின் 58 ஐ வரைபடத்தாள்கள், சுத்தியல், கைலென்ஸ், திசைகாட்டி, ஒரு ஜோல்னாப்பை. காலை முதல் டவுன் பஸ்ஸில் இறங்கி நடப்பேன். முதல் ஆண்டில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் பாறையைப் பற்றியதல்ல, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். மலையடிவாரத்தில் ஆண் எங்கேயும் நின்றுகொள்ளலாம். நான் அடுத்த ஊர்வரை அடக்கிக்கொண்டு நடந்தேன். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து படுத்தேன். மாதவிலக்கு நாட்களில் களத்துக்குப் போகாமல் இருந்தால் "ரெகுலரா வேலை செய்யறதில்ல" என்பார்கள். போனால் துணி மாற்ற இடமில்லை. என் களக்குறிப்பேட்டில் சில தேதிகளுக்கு மேலே சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். அந்த நாட்களில்தான் நடந்த தூரம் குறைவு.

நாமக்கல் அருகே ஒரு கல்குவாரியில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். சார்னகைட் பாறை. சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைப்பதும் அதே இனம்தான். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் அந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். புதிதாக உடைத்த முகம் பச்சை கலந்த கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல மின்னும். பார்க்க அழகு. ஆனால் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். தாதுக்கள் எந்தத் திசையில் இழுபட்டிருக்கின்றன என்று வெறுங்கண்ணால் பிடிப்பது கடினம். எனக்குத் தேவையோ அந்தத் திசைதான்.

ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் என்னைக் காலையிலிருந்து கவனித்திருக்கிறார்.

"ஏனுங்க அம்மணி, அந்தக் கல்லையே பாத்துட்டு நிக்கறீங்க? வைரமா இருக்குது?"

"இல்லக்கா. கல்லு எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாக்கறேன்."

"அது பாத்தாத் தெரியாதுங்க. தட்டோணும்."

எழுந்து வந்து என் சுத்தியலை வாங்கினார். பாறை முகத்தில் இரண்டு இடத்தில் தட்டினார். "இது வாட்டம். கேட்டீங்களா? இது குறுக்கு. வாட்டத்துல அடிச்சா தானாப் பொளந்துக்கும். குறுக்க அடிச்சா கைதான் போவும்" என்றார். எனக்கு முதலில் இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்டன. மதியம்வரை அவர் கூடவே தட்டிப் பழகினேன். அவர் வாட்டம் என்று காட்டிய கோடுகளைத் திசைகாட்டியில் அளந்து குறித்துக்கொண்டேன். பிறகு அதே கற்களை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். தாதுக்கள் அவர் சொன்ன பக்கமாகத்தான் நீண்டு கிடந்தன. என் ஆய்வேட்டின் வரைபடத்தில் அந்தக் குவாரிப் பகுதியில் உள்ள மூன்று அம்புக்குறிகள் அவர் காது கண்டுபிடித்தவை.

*

பாறையின் வயதைச் சொல்ல சிர்கான் என்ற தாது வேண்டும். பத்துக் கிலோ கல்லை இடித்துச் சலித்தால் ஒரு சிட்டிகை கிடைக்கும். ஒவ்வொரு மணியும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. யுரேனியம் சிதைந்து சிதைந்து ஈயமாக மாறும். யுரேனியம் 238இல் பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆக, உள்ளே சேர்ந்திருக்கும் ஈயத்தை அளந்தால் மணியின் வயது கிடைத்துவிடும். பழைய மணியின் மேல் பின்னாளில் புதிய வளையம் வளர்வதும் உண்டு. ஒரே மணியில் உள்ளே ஒரு வயது, ஓரத்தில் வேறொரு வயது.

அந்த நாளில் இந்த அளவீட்டுக்கு எங்கள் மாதிரிகள் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். 1989க்கும் 1992க்கும் இடையில் நான் சுமந்து வந்த கற்களில் பதினொன்றை என் நெறியாளர் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். முடிவுகள் வருவதற்குள் ஆய்வேட்டை முடித்துவிட்டேன். 1993இல் பட்டம். அதே ஆண்டு திருமணம். கணவருக்கு வடக்கே வேலை. 1995இல் மகள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கியபோது மாமியாருக்குப் பக்கவாதம்.

யாரும் என்னை வேலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போகிறாயா என்று கேட்கவும் இல்லை. கணவர் நல்லவர். மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொள்வார். "உனக்கு எப்ப தோணுதோ அப்ப போ" என்பார். தோன்றுவதற்கும் போவதற்கும் நடுவில் மூன்று வேளைச் சமையலும், மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், குழந்தையின் பள்ளியும் இருந்தன. அவற்றை யார் செய்வது என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழவே இல்லை. பட்டம் பெற்றவள் நான் என்றாலும் வேலையிலிருந்து நிற்க வேண்டியவளும் நான்தான் என்பது இருவருக்கும், ஏன், எனக்கே இயல்பாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய கற்கள். அதில் ஒரு சார்னகைட் துண்டு இஞ்சி தட்டப் பயன்பட்டது. கதவு மூடாமல் இருக்க ஒன்று.

2002–03இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, வேலையில் இடைவெளி விழுந்த பெண் விஞ்ஞானிகளுக்காக ஓர் உதவித்திட்டம் தொடங்கியது. நாளிதழில் விளம்பரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து கொடுத்தவர் கணவர்தான். மாமியார் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. விண்ணப்பம் எழுத வேண்டும் என்றால் எட்டு ஆண்டுகளில் என்ன வெளியாகியிருக்கிறது என்று படிக்க வேண்டும். நூலகத்தில் உட்கார்ந்து இதழ்களைப் புரட்டினேன்.

அப்படித்தான் அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. என் பட்டை, என் குன்றுகள். மாதிரி எடுத்த இடங்களின் பட்டியலில் பதினொரு இடம். ஒவ்வொன்றையும் எனக்குக் காலடி தெரியும். ஆசிரியர்கள் நான்கு பேர். என் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் இருந்தது, "மாதிரி சேகரிப்பில் உதவியவர்" என்று. இன்ஷியல் தவறாக அச்சாகியிருந்தது.

நெறியாளருக்கு நான் கடிதம் எழுதவில்லை. திட்டத்துக்கு அவருடைய பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அவரும் கொடுத்தார், தாராளமாகவே பாராட்டி எழுதினார்.

அந்த நாட்களில் மேரி தார்ப்பின் கதை எனக்குத் துணையாக இருந்தது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்கு ஆண்கள் போய்விட்டதால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புவியியல் வகுப்பில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. அப்படிப் படித்தவர் தார்ப். பிறகு நியூயார்க் அருகே லமான்ட் ஆய்வகத்தில், கப்பல்கள் அளந்து வந்த கடல் ஆழங்களை வைத்து அட்லாண்டிக் அடித்தரையின் வரைபடம் வரைந்தார். பெண் என்பதால் அந்தக் கப்பல்களில் அவருக்கு இடமில்லை. 1960களின் பிற்பகுதியில்தான் முதல்முறை ஆய்வுக்கப்பலில் ஏறினார். 1952இல் கடலடி மலைத்தொடரின் நடுவே ஒரு பிளவு நீளமாக ஓடுவதை அவர் கண்டார். பூமி அங்கே விரிகிறது என்று அதற்குப் பொருள். உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்ற, காது கேளாத வரைவாளர், நிலநடுக்கங்கள் நிகழ்ந்த இடங்களை அதே அளவுகோலில் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது நிலநடுக்கப் புள்ளிகள் பிளவின் மேலேயே வரிசையாக விழுந்தன. ஹீசன் ஏற்றுக்கொள்ள ஓராண்டுபோல ஆயிற்று. பின்னால் வந்த பல முக்கியக் கட்டுரைகளில் தார்ப்பின் பெயர் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது ஆறுதல் அல்ல, கோபம். ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுத முடிந்தது.

*

திரும்பி வந்த பிறகு நிறைய வேலை செய்தேன். பழைய பெட்டியிலிருந்த கற்களிலேயே தொடங்கினேன். இஞ்சி தட்டிய கல்லும் அதில் ஒன்று. கழுவித்தான் அறுத்தேன். பட்டையின் ஓரத்தில் எடுத்த சில மாதிரிகளின் சிர்கான் மணிகளில் உள்ளே 250 கோடி, ஓரத்தில் 55 கோடி என்று இரண்டு வயதும் கிடைத்தன. அதாவது அந்த இடம் இரண்டு முறை வெந்திருக்கிறது. எங்கள் கட்டுரையில் நான் முதல் ஆசிரியர்.

பொது இடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் ஒரு கேள்வி உறுதி: "குமரிக்கண்டம் உண்மைதானே?" 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர், இந்தியாவுக்கும் மடகாஸ்கருக்கும் பொதுவான விலங்குத் தொடர்புகளை விளக்க, மூழ்கிய கண்டம் ஒன்றைக் கற்பனை செய்து லெமூரியா என்று பெயர் வைத்ததைச் சொல்வேன். தட்டுகள் நகர்வது தெரியாத காலத்தில் நிலம் மூழ்கியது என்றுதான் நினைக்க முடிந்தது. இரண்டு நிலங்களும் ஒட்டியிருந்தது உண்மை, பிரிந்தபோது மனிதர் யாரும் இல்லை என்பேன். ஒருமுறை ஒரு நூலகக் கூட்டத்தில் இவ்வளவும் சொல்லி முடித்ததும், கேட்ட பெரியவர் மேடையிலிருந்த தலைவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க சொல்லுங்க" என்றார். தலைவர் வணிகவியல் பேராசிரியர். பாவம், அவரும் ஐந்து நிமிடம் பேசினார்.

மாணவிகளுக்கு சுதீப்தா சென்குப்தாவைப் பற்றிச் சொல்வேன். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் அமைப்புப் புவியியலாளர். 1983இல் கிளம்பிய இந்தியக் குழுவில் அதிதி பந்தோடு அண்டார்டிகா போனவர். அங்கே போன முதல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் அவர்கள் இருவர்தான். ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்த நிலத்தின் பாறைகளை அங்கேயே போய், சுத்தியலோடு நின்று பார்த்தவர். வகுப்பில் இதைச் சொல்லும்போது பெண்களின் முதுகு நிமிரும்.

ஒவ்வோர் ஆண்டும் அரியலூர்ப் பக்கம் கூட்டிப்போவேன். அங்கே 250 கோடி ஆண்டுப் பழைய அடிப்பாறையின் மேல், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் படிவுகள் படிந்திருக்கின்றன. இரண்டும் தொடும் இடத்தில் கையை வைக்கச் சொல்வேன். உள்ளங்கைக்குக் கீழே 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் விடுபட்டிருக்கிறது. "இங்க என்ன நடந்துச்சு?" என்று கேட்பேன். முதல் ஆண்டு மாணவர்கள் "ஒண்ணும் நடக்கல" என்பார்கள். அதுதான் தவறான விடை. ஆழத்தில் உருவான பாறை மேலே வந்திருக்கிறது என்றால், அதற்கு மேலே இருந்த கிலோமீட்டர் கணக்கான நிலம் முழுவதும் தேய்ந்து போயிருக்க வேண்டும். பதிவுதான் இல்லை. நடந்தது ஏராளம்.

2006இல் அந்த மேசையில் எனக்கு இந்த விடை வாயில் வரவில்லை.

*

இனி அந்த இன்னொரு கோடு.

2014இல் நான் துறைத்தலைவர். எம்.எஸ்சி. வகுப்பில் 14 பேர், அதில் 9 பெண்கள். பன்னிரண்டு நாள் வரைபட முகாம் வரவிருந்தது. முந்தைய ஆண்டு தங்கிய இடத்தில் இரவில் சிலர் குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டிருந்தார்கள். பெற்றோர் இருவர் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்கள். கூட வருவதற்கு ஆசிரியை யாரும் இல்லை, என் முழங்காலும் சரியில்லை. ஆண்களுக்கு 12 நாள் முகாம், பெண்களுக்கு நான்கு நாள் பேருந்தில் போய் மாலைக்குள் திரும்புவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதினேன்.

மறுநாள் ஒரு மாணவி அறைக்கு வந்தாள். கரூர்ப் பக்கம். அவள் வீட்டில் பட்டம் படித்த முதல் ஆள் அவள்.

"மேடம், நீங்க கிளாஸ்ல சொன்னதெல்லாம் நீங்க தங்கிப் பாத்த ஊருதானே?"

"அப்போ காலம் வேறம்மா."

"அப்போ பாதுகாப்பா இருந்துச்சா மேடம்?"

நான் பதில் சொல்லவில்லை. நேரமாகிறது என்று அனுப்பிவிட்டேன்.

அப்போதும் பாதுகாப்பு இல்லை. 1990இல் ஒரு விடுதியில் இரவு முழுக்க ஒருவன் என் கதவைத் தட்டினான். மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் வழக்கம்போலக் களத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். அவனை யாரும் எதுவும் செய்யமாட்டார்கள், என்னைத்தான் நிறுத்துவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு களத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். பின்னாளில் வகுப்பில் கதை சொன்னபோதும் அந்த இரவை விட்டுவிட்டுச் சொன்னேன். அந்தப் பெண்கள் கேட்டதெல்லாம் குன்றும் குவாரியும்தான். நான் மறைத்ததை வைத்தே "அப்போ காலம் வேற" என்று அவளிடம் சொல்ல முடிந்தது.

அவள் நான்கு நாள் பேருந்தில் போய் வந்தாள். நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அடுத்த ஆண்டு ஓர் ஆய்வு நிறுவனத்தில் பி.எச்டி. நேர்முகம். தனியாக எத்தனை நாள் களத்தில் வரைபடம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு நாள் என்று சொல்லியிருக்கிறாள். அவளோடு போன எங்கள் வகுப்புப் பையன் பன்னிரண்டு நாள் என்று சொன்னான். அவனுக்கு இடம் கிடைத்தது. அவள் என்னைக் கூப்பிட்டுச் செய்தி சொன்னபோது குறையாக எதுவும் சொல்லவில்லை. "பரவால்ல மேடம், பேங்க் எக்ஸாம் எழுதறேன்" என்றாள். எழுதினாள். இப்போது வங்கியில் இருக்கிறாள்.

பாதுகாப்பு என்றால் என்ன என்று அதன் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூட ஒரு வண்டி, பூட்டுள்ள அறை, கழிப்பறை, துணைக்கு ஓர் ஆசிரியை, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம். எல்லாமே செலவு, அலைச்சல். தடை செய்வதற்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்தை எனக்கு முன்னால் இருந்த ஆண்கள் போட்டபோது எனக்கு வந்த கோபம், நான் போட்டபோது என் மேல் வரவில்லை. பேனா என் கையில் இருந்ததால் அது அக்கறையாகத் தெரிந்தது.

அடுத்த முகாமை மார்கழியில் வைத்தேன். கல்யாணம் நடக்காத மாதம், மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பாதி. மணமகள் அறை பெண்களுக்கு, மாப்பிள்ளை அறை பையன்களுக்கு. தனித்தனிக் கழிப்பறை, பூட்டு உள்ள கதவு. கௌரவ விரிவுரையாளர் ஒருவரைத் துணைக்குக் கேட்டு, அவருக்குப் படி வாங்கித் தர நான்கு முறை அலுவலகம் ஏறினேன். பன்னிரண்டு நாளும் எல்லாருக்கும். முதல் நாள் மாலை பெண்களை உட்கார வைத்து 1990இன் அந்த இரவைச் சொன்னேன். தண்ணீர் குடிக்காமல் நடந்ததையும் சொன்னேன். ஏதாவது நடந்தால் என்னிடம் சொல்லுங்கள், சொன்னதற்காக யாரையும் ஊருக்கு அனுப்பமாட்டேன் என்றேன். நான் ஓய்வு பெறும்வரை முகாம் அப்படித்தான் நடந்தது.

அவளுக்கு அது உதவவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம்" என்றாள். அவள் விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கில்லை.

*

ஓய்வுக்குப் பிறகு என் கட்டுரைகளையெல்லாம் எடுத்து வைத்து நன்றியுரைகளை மட்டும் படித்தேன். ஆய்வகங்கள், நிதி கொடுத்தவர்கள், சக பேராசிரியர்கள், ஜீப் ஓட்டுநர்கள் இருவர் பெயரோடு. பாறையின் வாட்டத்தைத் தட்டிக் காட்டிய பெண் எதிலும் இல்லை. என் இன்ஷியலைத் தவறாகப் போட்டவர்கள் மேல் இருபது ஆண்டாகக் கோபம் வைத்திருந்தேன். அவர்களுக்கு என் பெயராவது தெரிந்திருந்தது.

போன தை மாதம் நாமக்கல் பக்கம் அந்த இடத்துக்குப் போனேன். குவாரி பெரும் பள்ளமாகிவிட்டது. கிரஷர் ஓடுகிறது. கையால் ஜல்லி உடைப்பவர்கள் யாரும் இல்லை. எதிரே டீக்கடையில் இருந்த அம்மாவிடம் விசாரித்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் இங்கே கல்லுடைத்தவர், அப்போதே நாற்பது வயதிருக்கும், கல்லைத் தட்டிப் பார்த்தே வாட்டம் சொல்வார் என்றேன்.

"இங்க எல்லாருமே அப்பிடித்தானுங்களே சொல்லுவாங்க" என்றார் அவர். பிறகு, "அவங்க பேரு என்னங்க?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.